ஆக்ஸலாட்டல் குஞ்சு வளர்ப்பு: முட்டையிலிருந்து மண்புழு தின்னும் பருவம் வரை

ஆக்ஸலாட்டல் என்பது வாழ்நாள் முழுக்கச் செவுளோடு தண்ணீரிலேயே வாழும் ஒரு சலமாண்டர்; தவளையைப் போல நீர்நில வாழ்வன வகை. அதை முட்டையிட வைப்பது பெரிய காரியமில்லை. ஆணும் பெண்ணும் ஒரே தொட்டியில் இருந்தால் நீங்கள் கேட்காமலே ஒருநாள் காலையில் செடியெல்லாம் முட்டையாக இருக்கும். ஒரே ஈட்டில் சில நூறு, சிலசமயம் ஆயிரம் வரைகூட. அவை பொரிவதும் எளிதுதான். கஷ்டமெல்லாம் பொரிந்த பிறகு வரும் முதல் சில வாரங்களில் இருக்கிறது. அந்த வயதுக் குஞ்சு அசையாத எதையும் இரையாக மதிக்காது. கலர் மீன் குஞ்சுகளுக்குப் போடும் பொடி, பெல்லட், முட்டை மஞ்சள் கரு எதையும் சீந்தாது. கண்ணெதிரே துடிக்கும் உயிருணவு மட்டும்தான் வேண்டும். அந்த உயிருணவில் தின்றது போக மிஞ்சியது சில மணி நேரத்தில் செத்து, அழுகி, தண்ணீரைக் கெடுக்கும். கெட்ட தண்ணீரில் குஞ்சு சாகும். ஆகவே தீனி போடுவது ஒரு வேலை, தண்ணீர் மாற்றுவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பார்க்கவே கூடாது. இரண்டும் ஒரே வேலை. கீழே சொல்லப்போவதெல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

இந்த உயிரின் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தின் தெற்கிலுள்ள சோச்சிமில்கோ கால்வாய்கள். 1864-ல் பாரிஸுக்குக் கொண்டுபோன சில விலங்குகளிலிருந்து ஐரோப்பாவில் இனப்பெருக்கம் தொடங்கியது. அன்றிலிருந்து ஆய்வகங்களிலும் வீடுகளிலும் பெருகிவிட்டது. சொந்த ஊரில்தான் அழிந்துகொண்டிருக்கிறது. சோச்சிமில்கோவில் 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்டது 2014 கணக்கெடுப்பில் 36 ஆக இறங்கிவிட்டது. நகரத்துக் கழிவுநீர் ஒரு காரணம். வளர்ப்புக்காகக் கொண்டுவந்து விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்ப்பது இன்னொரு காரணம். நம் தொட்டியில் இருப்பவை தலைமுறை தலைமுறையாகத் தொட்டியிலேயே பிறந்தவை. என்றாலும் இனம் இவ்வளவு நெருக்கடியில் இருப்பதால் காகித வேலையை முதலில் முடிப்பது நல்லது.

சட்டம்

ஆக்ஸலாட்டல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம். இந்தியாவில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இப்படிப்பட்ட இனங்கள் நான்காம் அட்டவணையில் வருகின்றன. வைத்திருப்பவர் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும், கைமாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பதிவில்லாத விற்பனையாளரிடம் விலை மலிவு என்று வாங்காதீர்கள். வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்குள்ள விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் இயற்கையில் சலமாண்டர் இனம் எதுவும் கிடையாது. இந்தியாவில் டார்ஜிலிங் பக்கமும் வடகிழக்கு மலைகளிலும் மட்டும் உண்டு. அவற்றைப் பிடித்து வளர்க்கும் எண்ணமே வேண்டாம்.

எத்தனை குஞ்சு வளர்க்கப் போகிறீர்கள்?

முட்டையைப் பார்த்ததும் எடுக்க வேண்டிய முடிவு இது. முதல்முறை என்றால் இருபது, முப்பதுக்கு மேல் வேண்டாம். முந்நூறு குஞ்சுகளுக்குத் தினமும் உயிருணவு தயாரித்துத் தண்ணீர் மாற்றுவது ஒரு முழுநேர வேலை. நடுவில் கைவிட்டால் அவை பட்டினியில் ஒன்றையொன்று கடித்துச் சாகும். வேண்டாத முட்டைகளை, உள்ளே கருவின் உருவம் தெரியும் முன்பே, முதல் ஒன்றிரண்டு நாளுக்குள் ஃப்ரீஸரில் வைத்துவிடுவதுதான் வளர்ப்பவர்கள் கைக்கொள்ளும் முறை. மனதுக்குக் கஷ்டம்தான், ஆனால் பொரிந்த பிறகு பட்டினி போடுவதைவிட இது நேர்மையானது. எக்காரணம் கொண்டும் முட்டையையோ குஞ்சையோ குளத்திலும் ஏரியிலும் விடக்கூடாது.

குளிர்ச்சி

குஞ்சுகளுக்கு ஏற்ற வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். 22-ஐத் தாண்டினால் கவலைப்பட வேண்டும். 24-க்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சையும் பாக்டீரியாவும் கை ஓங்கும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், நோய் வரும். ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்குப் பிரச்சினை இல்லை. சென்னையிலோ மதுரையிலோ மே மாதம் சாதாரண அறையில் வைத்த தண்ணீர் 30-ஐத் தாண்டும். தொட்டி மேல் ஃபேன் வைத்தால் இரண்டு, மூன்று டிகிரி இறங்கும். கடற்கரை ஊர்களில் காற்றே ஈரமாக இருப்பதால் அதுவும் குறைவு. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இயந்திரமோ, நாள் முழுக்க ஓடும் ஏசி அறையோ இல்லாமல் சமவெளியில் இதைத் தொடங்க வேண்டாம். ஐஸ் பாட்டிலை மிதக்கவிடுவது மின்தடை நேரத்துக்கான அவசர வழி மட்டுமே. தினமும் அப்படிச் செய்தால் வெப்பம் ஏறி இறங்கி, குஞ்சுக்கு நிலையான சூட்டைவிடக் கெடுதல்.

தண்ணீர்

மாநகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். கலர் மீன் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரினை, பாட்டிலில் சொன்ன அளவில் கலந்து பயன்படுத்துங்கள். நம் வீடுகளில் எல்லோரும் செய்யத் துணியும் தவறு ஆர்ஓ தண்ணீர். குடிக்க நல்லது, குஞ்சுக்கும் நல்லது என்று நினைக்கிறோம். அதில் தாது உப்புகள் ஏறக்குறைய இருப்பதில்லை. ஆக்ஸலாட்டலோ கொஞ்சம் கடினமான நீரில் வாழும் உயிர். உப்பற்ற நீரில் அதன் உடல் தன் உப்பை இழந்துகொண்டே இருக்கும். ஆய்வகங்களில் ஹோல்ட்ஃப்ரெட்டர் கரைசல் என்ற உப்புக் கலவையை நீர்த்துப் பயன்படுத்துவது இதற்காகத்தான். வீட்டில், குளோரின் நீக்கிய குழாய் நீரே போதும். போர் தண்ணீர் மிக உப்பாக இருந்தால் அதையும் ஆர்ஓ நீரையும் கலந்துகொள்ளலாம். பிஎச் 7-க்கும் 8-க்கும் இடையில் இருக்கட்டும்.

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஒரு டெஸ்ட் கிட் வாங்கிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி தெரியும் நீரிலும் அமோனியா இருக்கும். பிஎச்சும் வெப்பமும் ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான விஷமாகும். நம் ஊரில் இரண்டுமே ஏறும்.

குஞ்சு பொரிவதற்கு முன் ஆர்ட்டீமியா பொரிய வேண்டும்

முட்டை இரண்டு, மூன்று வாரத்தில் பொரியும். குளிர்ச்சி கூடினால் நாளும் கூடும். இந்த இடைவெளியைச் சும்மா விடாதீர்கள். ஆர்ட்டீமியா பொரிப்பதை இப்போதே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். கடையில் வாங்கிய டப்பா பழசாகி, அதில் பாதி முட்டை பொரியாது என்பது குஞ்சு பசியில் கிடக்கும் நாளில் தெரியக்கூடாது.

ஆர்ட்டீமியா என்பது உப்பளங்களில் வாழும் சின்னஞ்சிறு இறால் வகை. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. கடைகளில் வரும் தரமான முட்டைகளில் பல அமெரிக்காவின் கிரேட் சால்ட் லேக் ஏரியிலிருந்து வருபவை. காய்ந்த முட்டை பழுப்பு நிறப் பொடி போல இருக்கும். உப்பு நீரில் போட்டால் ஒரே நாளில் பொரியும். பொரிந்த குஞ்சு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆக்ஸலாட்டல் குஞ்சின் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போன்ற இரை.

பொரிக்கும் முறை இது:

1. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் அடியை வெட்டி, மூடியை இறுக்கித் தலைகீழாக நிறுத்துங்கள். 
2. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 முதல் 30 கிராம் கல்லுப்பும் கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவும் கரைத்து ஊற்றுங்கள். 
3. ஏர் பம்ப் டியூபை அடி வரை விட்டு, முட்டை எங்கும் படியாமல் சுழலும்படி வேகமாகக் காற்று விடுங்கள். ஏர் ஸ்டோன் வேண்டாம். சின்னக் குமிழிகள் முட்டையை நுரையோடு மேலே தள்ளிக் கரையில் ஒட்டிவிடும். 
4. கால் தேக்கரண்டி முட்டை போடுங்கள். முப்பது குஞ்சுகளுக்கு அதுவே அதிகம். 
5. வெப்பம் 26 முதல் 28 டிகிரி, பக்கத்தில் ஒரு விளக்கு. சமவெளியில் ஆர்ட்டீமியாவுக்கு ஹீட்டர் தேவையில்லை. அது ஏசி அறைக்கு வெளியே இருக்கட்டும். 
6. 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும்.

இனிப் பிரித்தெடுப்பது. இதில்தான் அவசரம் கூடாது. காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். காலி ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் படியும், உயிருள்ளவை நடுவில் நீந்தும். அறை விளக்கை அணைத்துவிட்டு, பாட்டிலின் பக்கவாட்டில், அடியிலிருந்து சற்று மேலே, மொபைல் டார்ச்சைப் பிடியுங்கள். இங்குமங்கும் சிதறிக் கிடந்த ஆரஞ்சுப் புள்ளிகள் எல்லாம் ஒளியைத் தேடி வந்து ஒரு நாடா போலக் குவியும். அந்த இடத்திலிருந்து மெல்லிய டியூபால் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். ஓடுகள் குஞ்சின் வயிற்றுக்குப் போனால் செரிக்காமல் அடைத்துக்கொள்ளும்; உப்பு நீர் தொட்டிக்குப் போனால் தினமும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டையும் தடுப்பது இந்த ஐந்து நிமிட வேலைதான்.

பொரிந்த சில மணி நேரத்துக்குள் கொடுப்பது நல்லது. தன் மஞ்சள் கருவை ஆர்ட்டீமியாக் குஞ்சு வேகமாகச் செலவழித்துவிடும். நாளானால் வெறும் கூடுதான் மிஞ்சும். மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒருநாள் வரை சத்து அவ்வளவாகக் குறையாது. இரண்டு பாட்டில்களை ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றி ஓட்டினால் தினமும் புதிது கிடைக்கும்.

கூடவே மொய்னாவோ டாப்னியாவோ (நன்னீரில் துள்ளி நீந்தும் மிகச் சிறிய உயிர்கள்) ஒரு வாளியில் வளர்த்து வைத்தால் பெரிய உதவி. வெயிலில் பச்சை பிடித்த தண்ணீரே அவற்றுக்குத் தீனி. ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரத்தில் செத்துவிடும், மொய்னா சாகாது. தின்னும் வரை நீந்திக்கொண்டே இருக்கும். மைக்ரோவார்ம் என்ற நுண்புழுவை வளர்ப்பது எல்லாவற்றிலும் சுலபம், ஆனால் சத்துக் குறைவு, அடியில் படிந்துவிடும். ஆர்ட்டீமியா தவறிய ஒருநாளுக்கு அது போதும், தினசரி உணவாக வேண்டாம்.

முட்டையும் முதல் மூன்று நாளும்

முட்டைகளைத் தாய்தந்தை இருக்கும் தொட்டியிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள், பெரியவை தின்றுவிடும். அகலமான பிளாஸ்டிக் டப்பா, மென்மையான காற்று போதும். வெள்ளையாகப் பஞ்சு கட்டிய முட்டையை அன்றன்றே நீக்குங்கள்.

பொரிந்த குஞ்சு ஒரு சென்டிமீட்டர் சொச்சம் இருக்கும். கால் இல்லை. கழுத்தோரம் இறகு போன்ற செவுள், வால், இரண்டு கருப்புக் கண். பக்கவாட்டில் சாய்ந்து அடியில் கிடக்கும். செத்துவிட்டதோ என்று பதற வேண்டாம். வயிற்றில் மஞ்சள் கரு இருக்கும்வரை, அதாவது இரண்டு மூன்று நாள், தீனி தேவையில்லை. அப்போது போடும் ஆர்ட்டீமியா அப்படியே செத்துத் தண்ணீரைத்தான் கெடுக்கும். குஞ்சு நிமிர்ந்து நின்று, அருகில் ஏதாவது அசைந்தால் தலையைத் திருப்பத் தொடங்கும் நாளே முதல் தீனி நாள்.

தினசரி முறை

காலையும் மாலையும் இரண்டு வேளை. டிராப்பரில் எடுத்து, குஞ்சுகள் இருக்கும் பக்கமாக மெதுவாக விடுங்கள். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். குஞ்சு துரத்தாது, அசையாமல் இருக்கும். இரை முகத்துக்கு நேரே வந்ததும் தலை ஒரு வெட்டு வெட்டும், வாய் திறந்து மூடும், இரை காணாமல் போகும். தோல் ஒளி ஊடுருவும் அளவு மெல்லியது. சற்று நேரத்தில் வயிறு ஆரஞ்சு நிறமாகத் தெரியும். எந்தக் குஞ்சின் வயிறு ஆரஞ்சாக இல்லையோ அது தின்னவில்லை. அதைத் தனி டப்பாவில் வைத்து, தீனி நெருக்கமாக இருக்கும்படி கொடுங்கள்.

ஓரிரு மணி நேரம் கழித்து மிச்சத்தையும் கழிவையும் டிராப்பரால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். தினமும் ஒருமுறை தண்ணீர் முழுவதையும் மாற்றுங்கள். அதற்கு இரண்டு டப்பா முறை சுலபம்: அதே வெப்பத்தில் தண்ணீர் நிரப்பிய இன்னொரு டப்பாவைத் தயாராக வைத்து, குஞ்சுகளைக் கரண்டியால் தண்ணீரோடு மொண்டு மாற்றிவிட்டு, பழையதைத் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். வலையால் பிடிக்கக் கூடாது, செவுள் கிழியும். மணல், கல், ஃபில்டர் எதுவும் இந்தப் பருவத்தில் தேவையில்லை. வெற்று டப்பாவில்தான் அழுக்கு கண்ணுக்குத் தெரியும். ஐந்து லிட்டருக்கு இருபது குஞ்சு போதும், அதுவும் ஆரம்பத்தில் மட்டும்.

கால் முளைக்கும்போது கடி ஆரம்பிக்கும்

இரண்டு சென்டிமீட்டர் அளவில் முன்னங்கால் முளைக்கும், பின்னங்கால் பிறகு. அந்தக் குட்டிக் கால் ஆடுவதைப் பார்த்தால் பக்கத்துக் குஞ்சுக்கு இரை மாதிரித் தெரியும். ஐந்து சென்டிமீட்டர் வரை இந்தத் தொல்லை உச்சத்தில் இருக்கும். வளர்ச்சியில் பின்தங்கியவை கால், செவுள், வால் நுனி எல்லாவற்றையும் இழக்கும். இழந்த கால் சில வாரங்களில் முளைத்துவிடும், அதற்குப் பேர்போன உயிர் இது. ஆனால் காயத்தின் வழியே பூஞ்சை பிடித்தால் குஞ்சே போய்விடும்.

வயிறு நிறையத் தீனி, நிறைய இடம், வாரத்துக்கு இரு முறை அளவு வாரியாகப் பிரிப்பது, இவை மூன்றும் கடியைக் குறைக்கும். அடியோடு நிறுத்த வேண்டுமானால் ஒரு குஞ்சுக்கு ஒரு டப்பா. ஹோட்டல் பார்சல் டப்பாவைச் சோப்பில்லாமல் வெந்நீரில் நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். வேலை கூடும், ஆனால் எது தின்கிறது, எது தின்னவில்லை என்பது தெளிவாகத் தெரியும். முப்பது குஞ்சுக்கு மேல் வேண்டாம் என்று சொன்னது இதற்காகவும்தான்.

எந்த உயிருணவு ஆபத்து?

ஏரியிலும் வயல் வாய்க்காலிலும் வலை போட்டால் டாப்னியா இலவசமாகக் கிடைக்கும். அந்த வலையில் வருவது டாப்னியா மட்டுமல்ல. தட்டான் பூச்சியின் நீர்வாழ் இளம்புழு மடித்து வைத்த கீழ்த்தாடையை நீட்டி ஆக்ஸலாட்டல் குஞ்சைக் கவ்வும். நீர்வண்டின் புழு ஊசித் தாடையால் குத்தி உறிஞ்சும். ஹைட்ரா சத்தமில்லாமல் டப்பா ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, கொட்டும் நூல்களால் ஆர்ட்டீமியாவைத் தின்று பெருகும். அட்டையும் வரலாம். வயல் நீரில் பூச்சிமருந்து இருக்கும். டாப்னியாவைக் கொல்லாத அளவு மருந்தும் குஞ்சுக்குக் கேடு செய்யலாம். இவற்றைவிடப் பெரிய பயம் தவளைகள் வழியே வரும் நோய். உலகெங்கும் நீர்நில வாழ்வன இனங்களைச் சாய்த்த கைட்ரிட் பூஞ்சையும், ரானாவைரஸும் தண்ணீரோடு வரக்கூடியவை. தலைப்பிரட்டையைத் தீனியாகப் போடவே கூடாது.

மொய்னா, டாப்னியா வளர்க்க முதல் விதை எங்கிருந்து வந்தாலும் அப்படியே ஊற்றாதீர்கள். வெள்ளைத் தட்டில் கொஞ்சம் ஊற்றி, நன்றாக இருக்கும் சிலவற்றை மட்டும் டிராப்பரால் ஒவ்வொன்றாக எடுத்து, சுத்த நீருக்கு மாற்றி மாற்றி மூன்று முறை விடுங்கள். அவை பெருகி, அடுத்தடுத்த தலைமுறை வந்த பிறகே குஞ்சுக்குக் கொடுங்கள். கூடியவரை மீனோ தவளையோ இல்லாத தொட்டியில் வளர்ப்பவரிடம் வாங்குங்கள்.

டியூபிஃபெக்ஸ் புழு எல்லாக் கலர் மீன் கடையிலும் சிவப்புக் கட்டியாகக் கிடைக்கும், குஞ்சுகளும் ஆசையாகத் தின்னும். ஆனால் அது சாக்கடைச் சேற்றில் வளர்வது. வெளியே எத்தனை முறை அலசினாலும் அதன் குடலில் இருப்பது போகாது. என் தீர்ப்பு, வேண்டவே வேண்டாம். 

கொசுப்புழு நல்ல சத்து. ஆனால் தின்னாமல் விட்டது இரண்டு நாளில் கொசுவாகிப் பறக்கும், டெங்கு பரப்பும் ஏடிஸும் அதில் உண்டு. வீட்டில் கொசுப்புழு வளர்ப்பது உங்களுக்கும் அண்டை வீட்டுக்கும் ஆபத்து.

மீன் குஞ்சு, குறிப்பாகக் கோல்ட்ஃபிஷ், தீனியாக வேண்டாம். ஒட்டுண்ணி வரும், கோல்ட்ஃபிஷ் உடலிலுள்ள தயாமினேஸ் என்ற நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும்.

உங்கள் பாதுகாப்பும் முக்கியம். தொட்டி வேலைக்கென்று தனி வாளி, தனிக் கரண்டி. சமையலறை சிங்கில் எதையும் கழுவாதீர்கள், சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி வரலாம். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், தொடுவதற்கு முன் சோப்பில்லாமல் கை அலசுங்கள். பின்னால் தீனியாகக் கொடுக்கப்போகும் பிளட்வார்ம் (ஒருவகைச் சிறு ஈயின் சிவப்புப் புழு) சிலருக்குக் கடும் ஒவ்வாமை தரும். கண் அரித்து மூச்சு இரைத்தால் நிறுத்திவிட வேண்டும். கழிவு நீரைக் குளம், வாய்க்கால் பக்கம் ஊற்றாமல் பூந்தொட்டி மண்ணில் ஊற்றுங்கள்.

உயிரற்ற உணவுக்கு மாற்றுவது

முன்னங்கால் வந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் ஆனதும் மோப்பத்தாலும் இரை தேடத் தொடங்கும். அப்போது உறைந்த பிளட்வார்மை உருக்கி, சின்னதாக நறுக்கி, இடுக்கியால் முகத்தருகே மெல்ல ஆட்டிக் காட்டுங்கள். முதலில் துப்பும். ஆர்ட்டீமியாவை ஒரேயடியாக நிறுத்தாமல், ஒரு வேளை இது, ஒரு வேளை அது என்று கொடுத்தால் ஒரு வாரத்தில் பழகும். ஐந்து சென்டிமீட்டரில் மண்புழுத் துண்டு. மண்புழுவை மிஞ்சிய உணவு ஆக்ஸலாட்டலுக்கு இல்லை. மண்புழு உரப் பண்ணைகளில் வளர்க்கும் ஆப்பிரிக்க மண்புழு மென்மையானது, நன்றாகத் தின்னும். ஐசினியா என்ற சிவப்புப் புழு மஞ்சளாகக் கசப்பு நீர் விடும், பல குஞ்சுகள் உமிழ்ந்துவிடும். ரசாயனம் போட்ட தோட்டத்துப் புழு கூடாது. ஒருநாள் ஈரக் காகிதத்தில் வைத்து மண்ணைக் கழிக்கவிட்டு, அலசி நறுக்குங்கள். தலையின் அகலத்தைவிடத் துண்டு பெரிதாக இருக்கக் கூடாது.

உடம்பு சரியில்லை என்றால்

செவுள் முன்பக்கம் மடங்கினால், வால் நுனி சுருண்டால், தீனியை ஒதுக்கினால், மருந்தைத் தேடும் முன் வெப்பமும் அமோனியாவும் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் காரணம் இருக்கும். வயிற்றில் காற்று ஏறி மிதக்கும் குஞ்சை ஆழம் குறைந்த நீரில், கால் தரையைத் தொடும் ஆழத்தில் விட்டு ஒருநாள் தீனியை நிறுத்துங்கள். செவுளில் பஞ்சு போலப் பூஞ்சை வந்தால் தனியே பிரித்து, தினமும் இருமுறை குளிர்ந்த சுத்த நீர் மாற்றுங்கள். பெரியவற்றுக்குச் செய்யும் உப்புக் குளியலைச் சின்னக் குஞ்சுக்குச் செய்யாதீர்கள், தோல் தாங்காது. மீன்களுக்கான செம்பு கலந்த மருந்துகள் விஷம்.

எட்டு, பத்து சென்டிமீட்டர் ஆனதும், மென்மையான ஸ்பான்ஜ் ஃபில்டர் போட்டு, முன்கூட்டியே சைக்கிள் முடித்த (அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியா வளர்ந்து நிலைத்த) தொட்டிக்கு மாற்றலாம். ஒரே அளவுள்ளவை மட்டும் ஒன்றாக. தரையை வெறுமையாகவே விடுங்கள். பதினைந்து சென்டிமீட்டர் தாண்டிய பிறகு நைஸ் மணல் போடலாம். கூழாங்கல் எந்த வயதிலும் வேண்டாம். இரையோடு சேர்த்து உறிஞ்சி விழுங்கும், குடலில் அடைத்துக்கொள்ளும்.